தெருவாசிகள் சார்பில்

ஐஸ் ஃபேக்டரியில் இரவு ஷிப்டுக்குப் போகிற மனிதருக்குப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீடு வாய்க்கக் கூடாது. இவருக்கு வாய்த்தது. காலை ஏழு மணிக்கு வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டரைக்குப் படுப்பார். எட்டே முக்காலுக்கு மணி அடிக்கும். அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஐம்பது குழந்தைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும். கம்ப்ரெஸர் இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டே கண்ணயரக்கூடியவர்தான். ஆனால் ஏழாம் வாய்ப்பாடு அவரைத் தூங்க விடாது. குழந்தைகள் தப்பு விடும் இடம் வந்தால் படுத்தபடியே திருத்துவார்.

பிள்ளைகள் அவருக்குத் 'தூக்க மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். பந்து அவர் வீட்டு முற்றத்தில் விழுந்தால் யார் போய்க் கேட்பது என்று ஒருவரையொருவர் தள்ளிவிடுவார்கள். அவர் திட்டமாட்டார். பந்தைக் கையில் கொடுத்து, "பாத்து விளையாடுங்கப்பா" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார், அவ்வளவுதான். மனசில் இருப்பதை நேரில் சொல்வது அவருக்கு வராது. எழுத்தில்தான் வரும்.

எழுத்து அவருக்கு வேலையில் படிந்தது. ஃபேக்டரியில் மணிக்கொரு தரம் அழுத்தம், வெப்பநிலை எல்லாம் பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஷிப்டில் நாலு பேர். மற்ற மூவருக்கும் கோழிக் கிறுக்கல். அதனால் இவரே எழுதி, அடியில் 'ஷிப்ட் சார்பில்' என்று போட்டுக் கையெழுத்திடுவார். இருபத்தாறு வருஷமாக ராத்திரிக்கு எட்டு தரம் எழுதிய வார்த்தை. முத்து முத்தான கையெழுத்து என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் பந்து பட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. தூக்கம் கெட்ட எரிச்சலில் கல்வி அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினார். பெயர் போட்டால் பெரிய டீச்சர் வாசலில் வந்து நிற்பாரே என்று பெயரை விட்டுவிட்டார். ஆனால் எழுதி முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. பழக்கதோஷத்தில் அடியில் 'தெருவாசிகள் சார்பில்' என்று போட்டுவிட்டது. படித்துப் பார்த்தார். புகாருக்கு ஒரு கனம் வந்திருந்தது. அடிக்க மனம் வரவில்லை.

தெருவாசிகள் யாரையும் அவர் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கடிதத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எழுதிய அன்று நன்றாகத் தூக்கம் வந்தது. அந்த ருசி விடவில்லை. விளையாட்டு நேரத்தில் விசில் ஊதுகிறார்கள் என்று ஒன்று, ஆண்டுவிழா ஒத்திகைக்கு ஒலிபெருக்கி வைத்தார்கள் என்று ஒன்று, வாய்ப்பாட்டை மனசுக்குள் சொன்னால் ஆகாதா என்று கூட ஒன்று. நாலு வருஷத்தில் பத்து கடிதங்கள். அலுவலகம் ஒவ்வொன்றின் சாரத்தையும் தட்டச்சு செய்து பள்ளிக்கு அனுப்பி விளக்கம் கேட்கும். பெரிய டீச்சர் விளக்கம் எழுதுவார். எல்லாம் ஒரு ஃபைலில் போய் உட்கார்ந்தன.

இதற்கிடையில் அவர் மனைவிக்கு அதே பள்ளியில் ஆயா வேலை கிடைத்தது. மகன் வேலைக்காக வெளியூர் போன பிறகு வீட்டில் அவளுக்குப் பேச ஆளில்லை. கணவர் பகலெல்லாம் தூங்குவார், இரவெல்லாம் இருக்கமாட்டார். வேலைக்குப் போன பத்தே நாளில் முகத்தில் ஒரு தெளிச்சி வந்துவிட்டது. யார் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் அழுதது, யார் பென்சிலைக் கடித்தே தின்றது என்று சாயங்காலம் மூச்சுவிடாமல் சொல்வாள். அவர் பாதித் தூக்கத்தில் ம் கொட்டுவார். அவள் வேலை பெருக்குவதும் தண்ணீர் பிடித்து வைப்பதும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்டால்தானே.

அந்த மாதத்தில்தான் பதினோராவது கடிதத்தை எழுதினார். மணி அடிக்கிற புது ஆளைப் பற்றி.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவள் செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"நான் மணிய அடிக்கறது சரியில்லன்னு யாரோ புகார் எழுதியிருக்காங்களாம்" என்றாள். "பெரிய டீச்சர் ஒண்ணும் சொல்லல, மெதுவா அடிங்கன்னு மட்டும் சொன்னாங்க. எனக்குத்தான் மனசே ஆறல. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?"

"மணி நீயா அடிக்கற?" என்று கேட்டார்.

"பின்ன யாரு அடிப்பா?"

"விடு. வேலையத்தவன் எவனாவது எழுதியிருப்பான்" என்றார். அந்த ஒரு வார்த்தையாவது உண்மை. அன்றோடு எழுதுவதை நிறுத்தினார். சொல்லிவிடலாம் என்று நாலைந்து தரம் வாயெடுத்தார். ஒவ்வொரு தரமும் மென்று விழுங்கினார். ஒன்றரை வருஷம் ஓடியது.

பிறகுதான் அந்த நோட்டீஸ் வந்தது. பள்ளியை அடுத்த கல்வியாண்டில் மூடிவிட்டு, பிள்ளைகளைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியில் சேர்க்க உத்தேசமாம். காரணம் மூன்று. மாணவர் எண்ணிக்கை ஐம்பதிலிருந்து முப்பத்தெட்டாகக் குறைந்தது. கூரை ஒழுகுவது. மூன்றாவது, தெருவாசிகள் பள்ளியை விரும்பவில்லை, பதினோரு புகார்கள் வந்துள்ளன. ஆட்சேபணை இருந்தால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கலாம், அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார்.

அந்தப் பெரிய சாலையில் லாரிகள் போவதைப் பார்த்தவர்கள் யாரும் அங்கே ஆறு வயதுப் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். தெரு கூடிவிட்டது. மளிகைக்கடைக்காரர்தான் முன்னால் நின்றார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். வேன் வைத்துத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்களில் பதினாலு வீட்டுக்காரர்களைப் பேசிப் பேசியே பிள்ளைகளை இங்கே சேர்க்கச் சம்மதிக்க வைத்தார். கடன் வைத்திருந்தவர்கள் சீக்கிரம் சம்மதித்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வெல்டர் தகரம் கொண்டுவந்தார், கொத்தனார் ஆள் கொண்டுவந்தார், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கூரை புதுசாகிவிட்டது. எட்டு வீட்டுப் பெண்கள் உள்சுவருக்கு வெள்ளையடித்தார்கள். தூக்க மாமாவும் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூங்காமல் வந்திருக்கிறாரே என்று எல்லாரும் மெச்சினார்கள். அவருக்கு அதைக் கேட்கவே சங்கடமாக இருந்தது.

எண்ணிக்கையும் கூரையும் சரியாகிவிட்டன. மூன்றாவதுதான் சிக்கல். யார் எழுதியது? தெருவாசிகள் என்றால் எந்தத் தெருவாசி?

பள்ளிக்கு எதிர்வீட்டுத் தையற்காரம்மாள்மேல் சந்தேகம் விழுந்தது. துணி காயப்போட்ட கொடியில் பந்து பட்டதற்கு எப்போதோ அவள் சத்தம் போட்டதை நாலு பேர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். அவ்வளவு போதும் ஊருக்கு. நான் இல்லை என்று அவள் சொன்னாள். அவள் சொன்ன வேகத்தையே அத்தாட்சி என்றார்கள். தைக்கக் கொடுத்த துணியை இரண்டு வீட்டில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வெள்ளையடிக்க அவள் வாளியோடு வந்தபோது யாரும் தடுக்கவில்லை. பேசவும் இல்லை. அவள் ஒரு மூலைச் சுவரைத் தனியாக அடித்துவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி பதிவேட்டில் அவர் இரண்டு தரம் தப்பாக எழுதி அடித்தார்.

ஆட்சேபணை மனு எழுத வேண்டிய நாள் வந்தது. கூட்டத்தில் மளிகைக்கடைக்காரர், "நல்ல கையெழுத்து யாருக்கு இருக்கு?" என்று கேட்டார். தூக்க மாமாவின் மனைவி சட்டென்று, "எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

"எனக்குக் கை வலிக்குது" என்றார் அவர்.

"நேத்து நம்ம பையனுக்கு மூணு பக்கம் லெட்டர் எழுதுனீங்களே" என்றாள் மனைவி. அதோடு அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

வீட்டில் உட்கார்ந்து எழுத்தைச் சாய்த்துக் கோணலாக எழுதிப் பார்த்தார். அவள் எட்டிப் பார்த்து, "இது என்ன இது? அதிகாரி படிக்க வேண்டாமா?" என்று தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு வேறு தாள் வைத்தாள். பிறகு தம் சொந்தக் கையெழுத்திலேயே எழுதினார். நல்ல மனு. தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிவில் 'தெருவாசிகள் சார்பில்' என்று போட வேண்டியிருந்தது. இந்த முறை அது நிஜம்.

விசாரணை பள்ளியின் பெரிய வகுப்பறையில் நடந்தது. பகல் பதினோரு மணி, அவர் தூங்குகிற நேரம். தெரு முழுக்கக் குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. மனைவி கதவோரம் நின்றாள். அதிகாரி கறாரான ஆள், ஆனால் கெட்டவர் அல்ல. கூரையைப் பார்த்தார், பிள்ளைகளை எண்ணினார், இரண்டையும் குறித்துக்கொண்டார். பிறகு ஃபைலை விரித்தார்.

"பள்ளி வேணும்னு ஒரு மனு. வேண்டாம்னு பதினோரு மனு. ரெண்டுமே தெருவாசிகள் சார்பில்னுதான் இருக்கு. நான் எத நம்பறது?"

ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லச் சொன்ன கடிதத்துக்குச் சிலர் சிரித்தார்கள். பலர் தையற்காரம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பத்தாவது முடிந்தது. பதினோராவதை அதிகாரி கையில் எடுத்தார்.

"எழுதினவங்க யாருன்னு தெரியாத வரைக்கும், தெரு ரெண்டு பட்டிருக்குன்னுதான் ரிப்போர்ட் போகும். அப்படிப் போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்" என்றார்.

தூக்க மாமா எழுந்தார். பெஞ்சில் முட்டி இடித்தது.

"எல்லாம் நான் எழுதுனதுங்க, இந்த மனுவும் என் கையெழுத்துதான். யாரையும் கேக்காம எழுதுனேன். அந்தம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

பதினோராவதை வாசிக்காமல் மூடிவைத்துவிடுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அதற்காகத்தான் அந்த நொடியில் எழுந்ததே. அதிகாரி ஆட்சேபணை மனுவையும் பதினோராவது கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கையெழுத்து ஒத்துப்போயிற்று. ஆனாலும் அவர் விடவில்லை.

"பள்ளிக்கூடத்தக் காப்பாத்த யார் வேணா பழிய ஏத்துக்கலாம், கையெழுத்தும் ஒண்ணு போல இருக்கலாம். நான் எழுதி அனுப்பணும் இல்லியா? இந்தக் கடைசிக் கடுதாசிய நான் இன்னும் வாசிக்கல. இதுல என்ன இருக்கு, சொல்லுங்க."

அவர் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க முடியாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, எழுதிய வாக்கியத்தை எழுதியபடியே சொன்னார்.

"'சமீபத்தில் மணி அடிக்க நியமிக்கப்பட்டிருக்கும் நபர், யார்மீதோ உள்ள கோபத்தை மணியின்மீது தீர்த்துக்கொள்வதுபோல் அடிக்கிறார். அவரை நீக்கி, வேறு நபரை நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.'"

"சரியா இருக்கு" என்றார் அதிகாரி.

யாரும் சிரிக்கவில்லை. மணி அடிப்பது யார் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

அதிகாரி அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார். பதினோரு புகார்களும் தனிநபர் புகார், தெருவுக்குப் பங்கில்லை என்று ஃபைலில் குறித்தார். பள்ளி தொடர்ந்து நடக்கும், உத்தரவு தபாலில் வரும் என்றார். மளிகைக்கடைக்காரர் கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள். கலைந்து போகும்போது அவரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தையற்காரம்மாள் மட்டும் ஒரு கணம் நின்று, "நீங்க இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவி பள்ளி விடும்வரை வேலை பார்த்துவிட்டு வழக்கமான நேரத்துக்கு வந்தாள். அவர் படுக்கவில்லை, காத்திருந்தார். அவள் கைகால் கழுவினாள். சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அவர் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு அப்ப தெரியாது, அது நீன்னு" என்றார்.

"தெரியும். உங்களுக்கு என்னப் பத்தி என்னதான் தெரியும்?" என்றாள். குரல் உயரவில்லை. தண்ணீரை ஊற்றிவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆனா ஒண்ணு கேக்கறேன். தெருவாசிகள் சார்பில்னு போட்டீங்கல்ல. நானும் இந்தத் தெருவுலதான இருக்கேன்? அப்ப என்னய வேலைய விட்டு எடுங்கன்னு நானே எழுதிக் குடுத்திருக்கேன்."

சிரிக்கலாமா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள்.