செவ்வந்தி வளர்த்த வரப்பு மரங்கள்

குடவாசல் பக்கத்தில் செவ்வந்தியின் ஊருக்குப் போய் மரக்காரி வீடு எது என்றால் சின்னப் பிள்ளையும் காட்டும். ஊரார் வயலில் நட்டும் அறுத்தும் முதுகு ஒடிந்த செவ்வந்தி, ஒருவழியாகச் சொந்தத்தில் மூன்று மா, ஒரு ஏக்கர் நிலம் வாங்கினாள். வாங்கிய கையோடு பெரிய வரப்பை அகலப்படுத்திப் பூவரசும் வாதநாராயணனும் வைத்தாள். ஒரு காலத்தில் எல்லா வரப்பிலும் நின்ற மரங்கள்தான். தழையைக் கழித்து வயலில் போட்டு மிதித்தால் அதுவே உரம். மூட்டை உரம் வந்ததும் ஊரே அவற்றை வெட்டித் தள்ளியிருந்தது.

தன் வரப்போடு சும்மா இருந்தாளா? வீடு வீடாகப் போய் நச்சரித்தாள். நிழல் விழும், குருவி அடையும் என்று ஆளுக்கொரு நொட்டை சொன்னார்கள். மூட்டை உரம் இல்லாமலே அவள் வயல் விளைந்ததைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவராக வந்து நடுவதற்கு அவள் மரத்திலிருந்து போத்துக் கிளை கேட்டார்கள். அந்த வருஷம் அவள் நடையிலேயே ஒரு நிமிர்வு வந்தது.

இந்தத் தையில் வந்தது வினை. அவள் வயலுக்குப் பின்னால் செல்லதுரையின் நெல் முற்றிச் சாய்ந்துவிட்டது. அவள் பயிர் இன்னும் பச்சை; அதன்மேல் வண்டி ஓட்ட முடியாது. அறுப்பு மெஷின் உள்ளே போக அவளுடைய மர வரப்பை விட்டால் வேறு வழியில்லை.

"அக்கா, நாளைக்கு மழைங்கிறாங்க. மரம் நின்னா வண்டிய எறக்க மாட்டேங்கிறான் டிரைவரு."

"ஆள வச்சு அறுக்கலாமுல்ல தம்பி?"

"ஆளு எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அவளோடு அரிவாள் பிடித்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு நாள் முழுக்கக் குனிந்து அறுக்க முடியாது, அவளையும் சேர்த்து. பிள்ளைகளெல்லாம் திருப்பூரில். விளைந்த நெல் தண்ணீரில் கிடந்து முளைப்பதைப் பார்த்தவள் அவள். கோடாலியை எடுத்தாள். வேறு யாரையும் மரத்தில் கைவைக்க விடவில்லை. அழுதுகொண்டேதான் வெட்டினாள்.

செல்லதுரையின் நெல் நனையாமல் வீடு சேர்ந்தது. மழையும் சொன்னபடியே பெய்தது.

மழை விட்டதும் மேற்கே கோடாலிச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், முதன்முதலில் அவளிடம் போத்து வாங்கி நட்ட பூவிழி, தன் வரப்பில் பாதியை முடித்திருந்தாள். அதற்கப்பால் இன்னும் இரண்டு வயலில் வெட்டு நடந்தது.

"ஏன் புள்ள, ஒன்ன யாரு வெட்டச் சொன்னா?"

"எனக்குப் பின்னாலயும் வயக்காரங்க இருக்காங்கல்ல அத்தை. நாளைக்கு வந்து நிப்பாங்க. நீங்களே வெட்டிட்டீங்க, நாங்க எந்த வாயால மாட்டேன்னு சொல்றது?"

பூவிழி கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. ஆறுதலாகத்தான் சொன்னாள். ஊரெல்லாம் பேசிப் பேசி நட வைத்தவள், வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.