பையில் வந்த பியூஸ் கட்டை

என் அக்கா வாலாம்பாளைக் கட்டிக்கொண்ட ஹாலாஸ்யம் அத்திம்பேர் பொதுப்பணித்துறை ஆபீஸில் குமாஸ்தா. தங்கமான மனுஷர். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியவர் இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு மின்சாரச் சாமான் வந்துவிட்டால் போதும், அன்றிலிருந்து அதற்குக் காவல்காரர் ஆகிவிடுவார். எனக்கு மதுரையில் வேலை கிடைத்தபோது அவர் வீட்டில்தான் தங்கினேன். சேர்ந்த புதிதில் சுவிட்சைத் தட்டிவிட்டுச் சும்மா போய்க்கொண்டிருந்தேன். கொஞ்ச நாளில் நானும் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் சுவிட்சைத் தொட ஆரம்பித்தேன்.

மிக்ஸியைக் கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, அடியில் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் ஆறவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைத் தலையைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. குக்கர் மூடியை அடுப்பில் ஏற்றுமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெயிட் போடும் குழாய் வழியே ஆகாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வானம் இருட்டினால் ரேடியோவின் ஏரியல் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். இப்படி நாள் முழுக்க ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். "இதுக்கு நான் உரல்லேயே அரைச்சிருப்பேன்" என்பாள் அக்கா. சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். கூட வரும் விளக்கப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படிக்கிற மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது?

எங்கள் சந்து தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிறது. அந்தச் சந்துக்கே முதல் ஃபிரிட்ஜ் அத்திம்பேர் வீட்டில்தான் வந்தது. எண்பத்தொன்றோ, எண்பத்திரண்டோ. சுவரிலிருந்து அரை முழம் தள்ளி வைத்தார், பின்பக்கச் சூடு வெளியேற வேண்டுமாம். சூடான ரசத்தை உள்ளே வைத்தால் கோபித்துக்கொள்வார். ஃப்ரீசரில் கட்டிய பனியைக் கத்தியால் குத்திய குற்றத்துக்காக என்னோடு இரண்டு வேளை பேசவில்லை. கரண்ட் போய் வந்தால் உடனே போடக்கூடாது, வோல்டேஜ் நிலைக்கட்டும் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சந்தில் உள்ளவர்கள் மல்லிகைப்பூவையும் தோசை மாவையும் அங்கேதான் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கதவை மட்டும் சீக்கிரம் சாத்தச் சொல்வார்.

அடுத்த வீடு அப்துல் லத்தீப் வீடு. அவர் ரெடிமேட் துணி மூட்டையோடு ஊர் ஊராகச் சந்தைக்குப் போகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மனைவி சபியா. ஒரே பெண் சாதிகா, நாலாங்கிளாஸ் படித்தாள். அந்தப் பெண் திடீரென்று இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதி, இனி தினமும் ஊசி போட்டால்தான் பிள்ளை பிழைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், சூடு பட்டால் கெட்டுவிடும் என்றும் சொன்னார்கள்.

சபியா இன்சுலின் பாட்டிலை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று அத்திம்பேர் ஆபீஸுக்கு லீவு போட்டார். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த தட்டுகளில் நடுத்தட்டைக் காலி செய்து, துடைத்து, "இது பாப்பாவுக்கு மட்டும்" என்றார். "மேலே ஃப்ரீசர் பக்கம் வச்சுடாதேம்மா. உறைஞ்சாலும் மருந்து வீணாயிடும்." சபியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊசி நேரம் வந்தால் பின்வாசல் வழியாக வந்து எடுத்துப் போவாள், போட்டுவிட்டுக் கொண்டுவந்து வைப்பாள்.

அத்திம்பேரின் இன்னொரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனால் மெயினை அணைப்பதோடு நிற்கமாட்டார். ஒரு தடவை அவர் அணைத்துவிட்டுப் போன மெயினை, துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த யாரோ கரண்ட் இல்லையே என்று போட்டுவிட்டார்களாம். அதிலிருந்து, வீட்டுக்குக் கரண்ட் வருகிற வழியில் மாட்டியிருக்கும் பீங்கான் பியூஸ் கட்டையையே பிடுங்கித் துண்டில் சுற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு போவார். பில் கட்டாத வீட்டில் லைன்மேன் செய்கிற வேலை. தன் வீட்டுக்குத் தானே செய்துகொள்கிற ஒரே ஆள் இவர்தான் என்று நான் கிண்டல் செய்வேன்.

எழுமலையில் அத்திம்பேரின் அண்ணா பள்ளிக்கூட வாத்தியார். அவர் பெண்ணுக்கு அந்த வருஷம் சித்திரையில் கல்யாணம். அக்கா ஒத்தாசைக்கு முன்னாடியே போய்விட்டாள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலை நானும் அத்திம்பேரும் கிளம்பினோம். அவர் வீட்டைச் சுற்றி வந்தார். கேஸ் சிலிண்டரை மூடினார், குழாயைத் திருகினார், பிளக்குகளை எல்லாம் பிடுங்கினார். கடைசியில் பியூஸ் கட்டை. பிறகு வழக்கம்போல் சாவியைச் சபியாவிடம் கொடுத்தார்.

"பாப்பாவுக்கு ஊசி போடற நேரத்துக்குத் திறந்து மருந்தை எடுத்துக்கோம்மா."

"சரிங்கண்ணே. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

அவர் தோளில் தொங்கிய பையில் பியூஸ் கட்டை இருந்தது. அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்திலேயே நின்ற எனக்கும் தோன்றவில்லை.

பஸ்ஸில் காளவாசல் தாண்டுமுன்பே ஆரம்பித்துவிட்டார். "கேஸை மூடினேனோ?" "மூடினேள்." "குழாய்?" "திருகியாச்சு அத்திம்பேர், சும்மா வாருங்கோ." பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பியூஸ் கட்டை இருந்தது. அதில் ஒரு திருப்தி. செக்கானூரணி தாண்டியதும் கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தார்.

உசிலம்பட்டியில் இறங்கி எழுமலை பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அனல் அடித்தது. ஐஸ்காரன் ஒருவன் பெட்டி மூடியைத் தட்டித் தட்டிக் கூவிக்கொண்டே எங்களுக்கு முன்னால் வந்து நின்றான். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அத்திம்பேர் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஐஸ் வாங்கித்தரப் போகிறார் என்று நினைத்தேன். முகம் வெளுத்து, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ வெங்கட்ரமணா, பெருமாளே... பாப்பாவோட மருந்து."

பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தார். வெள்ளைப் பீங்கான் கட்டை அவர் உள்ளங்கையில் இருந்தது. சபியாவிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற கட்டையோ இங்கே உசிலம்பட்டியில் இருக்கிறது. அந்தச் சமயம் மதுரையில் இன்சுலின் கேட்ட கடையில் எல்லாம் கையை விரித்துக்கொண்டிருந்தார்கள். லத்தீப் மெட்ராஸுக்கு ஆள் விட்டு வாங்கிவைத்த பாட்டில்தான் அது. வேறு கிடையாது. அதைக் கெடுத்துவிட்டால் நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு எதைப் போடுவார்கள்?

சந்தில் யார் வீட்டிலும் போன் கிடையாது. எதிரே மதுரை பஸ் நின்றது. ஓடினோம்.

"அண்ணே, வண்டி எப்ப எடுப்பீங்க?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"ஆளு சேரவும் எடுத்துருவோம். ஏறி உக்காருங்க சாமி."

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"அதை டிரைவர் டீ குடிச்சிட்டு வந்து சொல்லுவாரு."

அத்திம்பேர் உட்காரவில்லை. படியில் நின்றுகொண்டு டீக்கடையையே பார்த்தார். வண்டி நகர்ந்த பிறகும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கதவைத் திறக்காம இருந்தா சாயங்காலம் வரை உள்ளே குளுமை நிக்கும்," என்றார். சற்று ஆறுதலாகத்தான் இருந்தது. உடனே, "நான்தானே திறந்து எடுத்துக்கோன்னு சொன்னேன். அவ திறப்பாளே," என்றார். கருமாத்தூர் வந்தபோது அடுத்த பயம் முளைத்தது. "ஃபிரிட்ஜ் ஓடலைன்னு பார்த்துட்டு, பிள்ளைக்காகப் பதறிப்போய், பியூஸ் இருந்த இடத்துலே ஏதாவது கம்பியைச் சொருகிடுவாளோ? போன மாசம்தான் சந்துலே எல்லாரையும் நிக்கவச்சு, பியூஸிலே தடிச்ச கம்பி போடாதேள், வீடு எரியும்னு சொன்னேன். சொல்லாம இருந்திருந்தா அவளுக்கு அந்த நினைப்பே வந்திருக்காதேடா!"

அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஊரெல்லாம் ஜாக்கிரதை சொன்ன வாய், பிள்ளையின் மருந்தை மறந்துவிட்டதே என்று நினைத்தேன். அதை வெளியே சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை, அவரே சொல்லிக்கொண்டு வந்தார்.

காளவாசலில் லாரிகள் மறித்துக்கொண்டு பஸ் நின்றுவிட்டது. இறங்கி ரிக்‌ஷா பிடித்தோம். சந்துக்குள் நுழைந்தால் சபியா வீடு பூட்டிக் கிடந்தது. எங்கள் வீடும் பூட்டிக் கிடந்தது. கீரை விற்கிற செல்லத்தாய் எதிர்ப்பக்கம் நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"சபியா எங்கம்மா?"

"பிள்ளையக் கூட்டிக்கிட்டு விறுவிறுன்னு போச்சே சாமி. என்ன ஏதுன்னு கேக்குறதுக்குள்ள தெரு முனை திரும்பிருச்சு."

அத்திம்பேர் தன் வீட்டு வாசலிலேயே, கையில் பியூஸ் கட்டையோடு, உள்ளே போக வழியில்லாமல் நின்றார். சாவி அவளிடம். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாடா. நான் அந்தக் குழந்தையைக் கொன்னுட்டேன்," என்றார். நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போக ரிக்‌ஷாவைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தபோது சந்து முனையில் சபியா வந்தாள். இடுப்பில் ஒரு புது மண்சட்டி. பின்னாலேயே சாதிகா, ஒரு கல்லைக் காலால் உதைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னண்ணே, கல்யாணத்துக்குப் போகலையா?"

அத்திம்பேர் பியூஸ் கட்டையை நீட்டினார். சபியா அதைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். சட்டியை இறக்கி வைத்தாள்.

"அல்லாவே! இதுக்கா அம்புட்டுத் தூரம் போயிட்டுத் திரும்பி வந்தீங்க? உள்ள வாங்க."

அவள் வீட்டு உள்ளறையில் கட்டிலுக்கு அடியில், வெயில் எட்டாத மூலையில், ஈர மணல் நிரப்பிய பழைய சட்டி ஒன்று இருந்தது. மேலே நனைத்த சாக்கு. மணலுக்கு நடுவே மூடி போட்ட ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் நனையாமல் பாட்டில். "பழைய சட்டி கீறிப்போச்சுண்ணே, தண்ணி நிக்க மாட்டேங்குது. அதான் வேற வாங்கப் போனேன்," என்றாள். அத்திம்பேர் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"இதை எப்போம்மா எடுத்தே?"

"நீங்க தெருவைத் தாண்டவும் போய் எடுத்துட்டேன். நீங்க ஊருக்குப் போனா கட்டையையும் கொண்டுபோயிருவீங்கன்னு சந்துக்கே தெரியுமேண்ணே." கொஞ்சம் தயங்கிவிட்டு மீதியையும் சொன்னாள். "இடி மின்னலுக்கும் நீங்க எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டு, மெயினையும் அணைச்சிட்டு அறைக்குள்ள போய் உக்காந்துக்கிருவீங்க. மானம் இருட்டுனாலே பின்வாசல் வழியா வந்துருவேன். அக்கா எடுத்துக் குடுக்கும். மழை விட்டதும் திரும்ப வச்சிருவோம்."

சந்தில் எல்லாரும் கரண்டுக்குப் பயந்தார்கள் என்றால், சபியா அத்திம்பேருக்குப் பயந்திருக்கிறாள். இத்தனை நாளும் அந்த மருந்துக்கு இருந்த பெரிய ஆபத்து அவர்தான். அக்காவும் கூடச் சேர்ந்து இதை அவரிடம் மறைத்திருக்கிறாள்.

"என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீங்க அதையே நினைச்சுப் பயந்து வீட்டை விட்டே நகர மாட்டீங்களேண்ணே. அண்ணன் மக கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டீங்க."

அத்திம்பேர் அவள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். நான் அதற்கு முன்னும் பின்னும் அவர் அழுது பார்த்ததில்லை. சாதிகா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, எங்கள் வீட்டைத் திறந்து பியூஸ் கட்டையை மாட்டினார். ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. சபியா பாட்டிலோடு வந்தபோது, "இரும்மா, உள்ளே நன்னாக் குளிரட்டும், அப்புறம் வை," என்றார். சாயங்கால பஸ்ஸில் எழுமலைக்குப் போனோம். அந்தத் தடவை அவர் பை லேசாக இருந்தது. வழியெல்லாம் ஒன்றும் கேட்கவும் இல்லை.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் வானம் கறுத்தது. முதல் இடி விழுந்ததுமே அத்திம்பேர் ரேடியோவை, ஃபேனை, மிக்ஸியை, ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கினார். வழக்கமாகக் கடைசியில் மெயினுக்குப் போவார். அன்று போகவில்லை. ஸ்டூலை இழுத்து ஃபிரிட்ஜுக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மின்னல் வெட்டும்போதெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஆனாலும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்காவும் நானும் கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

பின்வாசல் கதவு திறந்தது. சபியா முக்காட்டின் மேல் சாக்கைப் போட்டுக்கொண்டு, கையில் தகர டப்பாவோடு வந்து நின்றாள். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டாள். கண்ணை இறுக மூடி நடுங்கிக்கொண்டிருந்த அத்திம்பேரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளை அவர் பார்க்கவில்லை.

அக்கா எழுந்து மருந்தை எடுக்கப் போனாள். சபியா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, காலி டப்பாவோடு திரும்பிப் போனாள்.