மூன்று இடது கைகளும் ஒரு கார்பைனும்

துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் விசையைப் பற்றித்தான் கேட்பார்கள்; இடது கையை எங்கே வைப்பது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. டிரைவிங் சொல்லித்தருபவர்களே, நீச்சல் சொல்லித்தருபவர்களே, உங்களுக்கு என் தொண்டையின் நிலைமை புரியும்.

நான் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது நாமக்கல் பக்கம் ஒரு ரைபிள் கிளப்பில் மாஸ்டர். கார்பைன் என்றால் குழல் குட்டையான ரைபிள். வலது கை விசைக்கு. இடது கை, குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைத் தாங்குவதற்கு. தாங்கினால் போதும். பாடம் அவ்வளவுதான். இதை மூன்று பேர் மண்டையில் ஏற்ற வேண்டியிருந்தது. சேலம் கிளப்போடு போட்டி வைத்திருந்தார்கள். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். எங்கள் கிளப் ஒரு தடவைகூடப் போனதில்லை.

நட்டு முறுக்கிய கை

முதல் ஆள் சண்முகம். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கார்பைனைக் கையில் கொடுத்ததும் முன்கட்டையை ஒரு பிடி பிடித்தார் பாருங்கள், டிரில்லிங் மிஷின்கூட அலறியிருக்கும். இடது கை நரம்பெல்லாம் புடைத்து நிற்கிறது. குழல் நடுங்குகிறது. குண்டு குறி அட்டையை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த மண்மேட்டில் புழுதி கிளப்பியது.

"இறுக்காதீங்க. உள்ளங்கையில சும்மா உட்கார வைங்க" என்றேன். வைத்தார். அடுத்த குண்டுக்கு மறுபடி அதே பிடி. கத்தினேன். சண்முகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க மாஸ்டர், லாரி குலுங்கினாலும் கழலாம இருக்கோணும்னு முறுக்கிப் பழகுன கைங்க. பொசுக்குனு லூஸ் பண்ணுன்னா எந்தப் பக்கம் திருப்பறதுங்க?"

வீடியோ பிடி

அடுத்தவன் கார்த்தி. திருச்செங்கோட்டுக்காரன். போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிறவன். எங்கேயோ வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தான். இடது கையை விறைப்பாக நீட்டி, குழல் முனைக்கு ஒரு விரல்கடை பின்னால் பிடித்தான். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் விரல் குண்டுக்கு முன்னால்.

"அட சாமி, சுடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் ரேஞ்சு வேலியில் இருந்த மைனாக்கள் எழும்பின. "ரிக்குல ராடு சுத்தும்போது கை வைப்பியா?" என்றேன். "வெச்சாக் கை இருக்காதுங்களே" என்றான். "இங்கேயும் அதே கணக்குதான்."

கையைப் பின்னுக்கு இழுத்தான். மறு குண்டே கறுப்பு வட்டத்துக்குள்! ஒரு துள்ளு துள்ளினான். அப்புறம் ஏதோ யோசித்துவிட்டு என்னிடம் கேட்டான்: "மாஸ்டர், அந்த வீடியோக்காரனுக்கு இன்னும் அஞ்சு விரலும் இருக்குதுங்களா?"

கோழிக்குஞ்சு

மூன்றாவது ஆள் கோகிலா. கோழிப்பண்ணை முதலாளியம்மா. மூவரில் நல்ல கண் இந்தம்மாவுக்குத்தான். பிடியும் பூப்போல. எனக்கே சந்தோஷம். ஆனால் குண்டு மட்டும் கீழே இடப்பக்கம் போய் விழுந்துகொண்டே இருந்தது.

பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இடது கையையே பார்த்தேன். விசை அமுங்கும் கணத்தில் அந்தக் கை படக்கென்று இறுகியது. குஞ்சுக்குத் தடுப்பூசி போடுகிற கை அது. வலது கை ஊசியை அழுத்தும்போது குஞ்சு உதறும்; இடது கை தானாக இறுக்கிப் பிடிக்கும். எத்தனை சொல்லியும் நிற்கவில்லை. கடைசியில் அந்தம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது: "உட்டா ஓடிப்போயிருமுங்க மாஸ்டர், அதான் கை நம்ப மாட்டேங்குது!"

சுத்தம்

மூவருக்கும் ஒரே கார்பைன். கை நீளம் வேறு வேறு. அதனால் அவரவர் கை வைக்கும் இடத்தில் ஆளுக்கொரு நிறத்தில் எலக்ட்ரிக் டேப் ஒட்டி வைத்திருந்தேன். போட்டி எங்கள் ரேஞ்சிலேயே. காலையில் பெட்டியைத் திறந்தால் துப்பாக்கி பளபளக்கிறது. ஒரு டேப்பும் இல்லை!

எங்கள் காவல்காரரைக் கூப்பிட்டேன். பெருமையாக வந்து நின்றார். "சேலத்துக்காரங்க முன்னால நம்ம மானம் போகக்கூடாதுங்களே. எவனோ டேப்பா ஒட்டி அசிங்கம் பண்ணியிருந்தான், சுரண்டியெடுத்து மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சுட்டேனுங்க" என்றார்.

கடைசி ஆள்

ஆளுக்கு ஐந்து குண்டு, குண்டுக்கு அதிகபட்சம் பத்துப் புள்ளி. சேலம் அணி சுட்டு முடித்துவிட்டது. சண்முகம் தடவித் தடவி இடத்தைக் கண்டுபிடித்துச் சமாளித்தார். கார்த்தி நன்றாகவே சுட்டான். மிச்சம் கோகிலா. சுடுகிறவர் சுடும் கோட்டுக்குப் போன பிறகு மாஸ்டர் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அதைவிடத் தண்டனை கிடையாது.

முதல் குண்டு. கீழே, இடப்பக்கம். ஏழு. போச்சு! கோகிலா துப்பாக்கியை மேசையில் வைத்தார். வேர்த்த கையைச் சேலையில் துடைத்தார். மறுபடி எடுத்தபோது இடது கை திறக்கவே இல்லை. முஷ்டி! முஷ்டியின் மேல் முன்கட்டையைத் தூக்கி வைத்தார். என்ன அநியாயம் இது என்று எழுந்தேவிட்டேன். கார்த்தி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

பத்து. அடுத்ததும் பத்து! அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏற்கெனவே மூடிய கை இன்னும் எதை இறுக்கும்? இறுக்கினாலும் தன்னையே இறுக்கிக்கொள்ளும், துப்பாக்கி அசையாது. அடுத்தது ஒன்பது. சண்முகம் என் தொடையைப் பிடித்து முறுக்குகிறார், வலி தெரியவில்லை. கடைசிக் குண்டும் பத்து. ஒரு புள்ளியில் ஜெயித்தோம்! காவல்காரர் விசிலடித்தார். நானும் அடித்தேன், பல் செட்டோடு.

சேலம் மாஸ்டர் ஓடிவந்து கோகிலாவிடம் கேட்டார், இந்தப் பிடியை யாரம்மா சொல்லிக்கொடுத்தது என்று. நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். கோகிலா சொன்னார்: "ஆரும் சொல்லித்தரலீங்க. ஏழு உழுந்த கோவத்துல கையை மூடினேன், தொறக்க மறந்துட்டனுங்க."

மாநிலப் போட்டிக்குப் போகும் பஸ்ஸில் மாஸ்டர் என்ற மரியாதைக்கு எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்கள், ஆனால் பிடியைப் பற்றிய சந்தேகங்களையெல்லாம் கோகிலாவிடம்தான் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.