உள்பக்கம் போட்ட டயர்

வேடசந்தூர் போகும் சாலையில் டயர் ரீட்ரேடிங் பட்டறை வைத்திருக்கிறேன். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி, வேகவைத்து, மறுபடியும் ஓட விடுகிற தொழில். ரப்பர் ஒட்டுவதற்கு முன் டயரை விரித்து, உள்ளே விளக்குப் பிடித்து, கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்ப்போம். அறுந்த டயர் ஓட்டத்தில் வெடித்துவிடும்; அதனால் யார் கொண்டுவந்ததாக இருந்தாலும் வேலை செய்வதில்லை. இதற்காகவே சில பஸ் முதலாளிகள் என் இடத்துக்குக் கிறுக்குப் பட்டறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

போன மாசியில், நூல் மில்களுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் வைத்திருக்கும் ஒருவர் ஒரு டயர் அனுப்பினார். உள்ளே கம்பி வரிசையாக அறுந்து கிடந்தது. ஆகாது என்று திருப்பி அனுப்பினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு நெருடியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர்.

இந்தப் பக்கம் பஸ் வைத்திருப்பவர்கள், டயர் மாறிப்போகாமல் இருக்கப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதன் பக்கவாட்டில் எண்ணைச் சுட்டு வைப்பார்கள். சில நாள் கழித்து, பட்டறைக்கு எதிரே டீக்கடையில் நின்ற மில் பஸ்ஸின் பின்சக்கரத்தில், நான் திருப்பி அனுப்பிய டயரின் அதே சூட்டுக்குறியைப் பார்த்தேன். மேலே பளபளவென்று புது ரப்பர். வேறு யாரோ கண்ணை மூடிக்கொண்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

டிரைவரிடம் சொன்னேன். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே, ஜன்னலில் தலை சாய்த்திருந்த பெண்ணிடம் இறங்கிவிடச் சொன்னேன். அவள் கோபப்படக்கூட இல்லை.

"இத விட்டா வேற பஸ் இல்லண்ணே. லேட்டாப் போனா மில்லு கேட்டுக்குள்ள விடமாட்டாக."

பஸ் கிளம்பியது. அது கண்ணை விட்டு மறைகிறவரை ஏதோ ஒரு சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அன்று மதியம் சோறு இறங்கவில்லை. டயர் கொண்டுவருகிற முதலாளிகள்தான் எனக்கு வாடிக்கை என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். மேலே உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் நான் வேலை செய்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவர்களுக்கு என்னை யாரென்றே தெரியாது.

முதலாளிக்குப் போன் போட்டேன். கழற்றாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுப்பேன் என்று கத்தினேன். சரி என்று வைத்துவிட்டார். மறுநாள் அந்த பஸ்ஸில் வேறு டயர் இருந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது, அவரே கூப்பிடும்வரை.

"அண்ணே, நீங்க சொன்னபடி அந்த டயரக் கழட்டியாச்சு. வேற வண்டில, பின்னாடி ரெட்டைச் சக்கரத்துல உள்பக்கமாப் போட்டுட்டேன். இனிமே உங்க கண்ணுல படாது."

எந்த வண்டி என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவருடைய பஸ்கள் ஒட்டன்சத்திரம் பக்கமும் ஓடுகின்றன, பழனி பக்கமும் ஓடுகின்றன.

சொன்னபடி ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு, வண்டி நம்பரைச் சொல்லுங்கள் என்றார்.