பிடியில் இருந்த சிவப்பு

அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். சுரங்கத்துக் கேப்டன் துரை, அவருடைய பழைய ரிவால்வரை விலைக்கு வாங்க வந்த டாக்டர் துரை, அதைப் பார்த்துச் சொல்வதற்காகப் பெங்களூர்ப் பட்டாளத் தண்டிலிருந்து ரயிலேறி வந்த துப்பாக்கி மேஸ்திரி, கேப்டன் துரையின் பட்லர், கடைசியில் நான். மேசைக்கு அடியில் ஒரு நாயும் படுத்திருந்தது. அதைச் சேர்க்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டை இழுக்கும் இஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேப்டன் துரையின் பங்களாவுக்குப் போய் அவருடைய துப்பாக்கிகளைத் துடைத்து வைப்பேன். அந்த ரிவால்வர் அவருடைய தகப்பனார் வைத்திருந்தது. துரை சீமைக்குத் திரும்புவதால் அதை விற்கிறார். இரும்பின் நீல மெருகும் பிடியின் மரமும் செய்த நாளில் இருந்தபடியே இருந்தால்தான் முழு விலை, பிற்பாடு யாராவது மாற்றியிருந்தால் பாதிகூட இல்லை என்று டாக்டர் துரை முன்பே சொல்லிவிட்டாராம். அவர் பழைய துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். திருகாணியில் கீறல் விழுந்தால்கூட மதிப்புக் குறையும், ஆகவே கழற்றாமல் பாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

மேஸ்திரி சன்னலோரம் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். நான் கையிலிருந்த துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றேன்.

"குழாய் வாய்ப்பக்கம் வெளுத்திருக்குது. உறையில உரசின வெளுப்பு, அது நல்லதுதான்" என்றார் என்னைப் பார்த்து. "இரும்புல வெட்டியிருக்கிற எழுத்துங்க ஓரம் மழுங்கல பாரு. திரும்ப மெருகு போடறவன் முதல்ல தேய்ப்பான். தேய்ச்சா எழுத்து போயிடும். மெருகு பழசுதான்."

மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே போயிற்று. பிடியில் கை வழுக்காமலிருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருந்த கோடுகளில் மேஸ்திரி ஊசியை விட்டு நெம்பினார். ஊசி முனையில் சிவப்பாக ஏதோ வந்தது.

"இன்னாய்யா இது? சாயமா?"

டாக்டர் துரை எழுந்து வந்து பார்த்தார். கேப்டன் துரையிடம் இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொன்னார். பட்லர் என் காதோரம் குனிந்தார்.

"புது மரத்துக்குச் சாயம் ஏத்தி, பழசாட்டம் காட்டியிருக்காங்கன்றாரு. டேய், பழைய பிடிய வித்துட்டியா இன்னா?"

கேப்டன் துரை என்னை மட்டும் பார்த்தார். "நீ மாத்தினது?"

திருட்டு என்று ஒரு பெயர் விழுந்தால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். வீட்டில் அப்போது கைக்குழந்தை. நான் மாற்றவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு என்னவென்று எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் பயம்.

முந்தைய ஆயுத பூஜையன்று, நல்ல எண்ணெய் இஞ்சின் ரூமில்தான் இருக்கிறதென்று ரிவால்வரைத் துணியில் சுற்றி அங்கே எடுத்துப் போயிருந்தேன். பங்களா கேட்டைத் தாண்டக் கூடாத பொருள். போன இடத்தில் ஸ்பானர், சுத்தியல், எண்ணெய்க் குவளை எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். இதை மட்டும் விட்டுவிட்டால் துரைக்கு ஏதாவது ஆகிவிடுமோ, என்னால்தான் ஆயிற்றென்று ஆகுமோ என்று எனக்கு ஒரே யோசனை. வரிசையின் கோடியில் அதையும் வைத்து, பிடியில் சந்தனமும் குங்குமமும் இட்டுவிட்டேன். மறுநாள் துடைத்தேன். கோடுகளுக்குள் போனது போகவில்லை. அதன்மேல் வாராவாரம் எண்ணெய் வேறு.

சொல்லிவிட்டேன். பாதி சொல்லும்போதே பட்லர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தொரை துப்பாக்கிக்குப் பொட்டு வெச்சியா? கற்பூரம் காட்டினியா?"

"எல்லாத்துக்கும் சேத்துக் காட்டினதுதாங்க."

பட்லர் அதை இங்கிலீஷில் சொன்னார். டாக்டர் துரை தலையை ஆட்டினார். நம்பவில்லை என்பதற்கு மொழி வேண்டியதில்லை.

அப்போது அவர் குடித்து வைத்திருந்த எலுமிச்சை ஜூஸ் டம்ளர் கண்ணில் பட்டது. திருஷ்டிக்கு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவினால், சாறு பட்ட இடம் மஞ்சளாகிப்போவதை எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"ஒரு மூடி எலுமிச்சம்பழம் குடுங்க. குங்குமமா இருந்தா மஞ்சளாகிடும். சாயமா இருந்தா ஆகாதுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் பகீரென்றது. அந்தக் குங்குமம் ஆண்டர்சன்பேட்டைக் கடையில் வாங்கியது. கடைக்காரன் சாயம் கலந்து விற்றிருந்தால்? நானே என் கழுத்தில் கயிறு மாட்டிக்கொண்டேனே!

மேஸ்திரி ஊசியால் இன்னும் கொஞ்சம் நெம்பி எடுத்து, வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தார். பட்லர் மூடியைப் பிழிந்தார். கொஞ்ச நேரம் சிவப்பு சிவப்பாகவே இருந்தது, எண்ணெய்ப் பசை சாற்றை உள்ளே விடவில்லை. மேஸ்திரி விரலால் கசக்கினார். ஓரத்தில் தொடங்கிக் கறை முழுக்க மஞ்சளாகப் படர்ந்தது.

"அடடே, பூஜைதான்!" என்றார் மேஸ்திரி.

டாக்டர் துரை கைக்குட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு திருகாணியைக் கழற்றலாமென்று அவரே சைகை காட்டினார். மேஸ்திரி அதற்கேற்ற திருப்புளியை வைத்து மெதுவாகக் கழற்றினார். மரத்தின் உள்பக்கம் அடித்திருந்த எண்ணும், இரும்பில் இருந்த எண்ணும் ஒன்றே. கை படாத அந்த இடத்தில் நீலம் மயில் கழுத்துப்போல மின்னியது.

"பிடியும் இதனோட பொறந்ததுதான். மாறவே இல்ல" என்றார்.

கேப்டன் துரை சத்தமாகச் சிரித்து என் முதுகில் ஒன்று வைத்தார். வலித்தது, சுகமாக இருந்தது. முழு விலை பேசி முடித்தார்கள். துரை எனக்கு ஐந்து ரூபாய் இனாம் என்று சொல்லிவிட்டுச் சட்டைப்பையில் கைவிட்டார். இரண்டுதான் இருந்தது. மீதியை ரயிலேறும் முன் தருவதாகச் சொன்னார்.

அவர் புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் பெட்டிகளை நான்தான் ஏற்றினேன். மீதியைக் கேட்கவில்லை. கேட்டால், துப்பாக்கியைப் பங்களா கேட்டைத் தாண்டி எடுத்துப் போன விஷயம் ஞாபகத்துக்கு வந்துவிடுமோ என்று பயம். வேலை இருந்தது, வீடு இருந்தது, அதுவே போதுமென்று வண்டி கண்ணுக்கு மறையும்வரை சலாம் போட்டுக்கொண்டு நின்றேன். மூன்று ரூபாய் இன்னும் பாக்கி.