காலர் அக்கா தைச்ச புத்தகம்

சட்டை கம்பெனியில இருபது வருஷமா காலர் தைக்கிறதால அவங்களுக்கு காலர் அக்கான்னே பேரு. கூட வேலை பாக்குற பொம்பளைங்களோட கதையை அக்கா ஒரு புத்தகமா எழுதினாங்க. பதிப்பாளர் ஒப்பந்தத்தை நீட்டினார். அக்கா வரி வரியா படிச்சாங்க. ஏழாவது வரியில விரல் நின்னுச்சு. எழுதினவங்களைக் கேக்காமலே பதிப்பகம் கதையை மாத்திக்கலாமாம்.

"எல்லாரும் போடுற கையெழுத்துதாம்மா."

"எல்லாரும் படிச்சுட்டா சார் போட்டாங்க? அந்த வரியை அடிங்க, இப்பவே போடுறேன்."

"அப்போ நீங்களே புத்தகம் போட்டுக்குங்க!"

"போட்டுக்கிறேன்"னு பேனாவை மூடிட்டு எழுந்து வந்துட்டாங்க.

அச்சகத்துல கதையைக் கொடுத்து, தைக்காம அச்சடிச்ச தாளை மட்டும் வாங்கினாங்க. ஞாயித்துக்கிழமை தோழிங்க எல்லாரும் அக்கா வீட்டுல அதைப் புத்தகமா தைக்க உக்காந்தாங்க. கைப்பழக்கம் சும்மா விடுமா? முதல் புத்தகத்தைக் காலர் மாதிரி மூணு பக்கமும் தைச்சுட்டாங்க. திறக்கவே முடியல.

"இனிமே உன் கதையில எவன் கை வைப்பான்னு பாத்துடலாம்டி!"ன்னு ஒருத்தி சொல்ல, சிரிப்புல வீடே அதிர்ந்துச்சு.

தையலைப் பிரிச்சு, புத்தகத்தோட முதுகுல மட்டும் தைச்சாங்க. அக்கா முதல் பக்கத்தைத் திறந்து சத்தமா படிச்சாங்க. ஒரு எழுத்துகூட மாறல.