பெட்டி காட்டிய அறுபத்தாறு

நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதையெல்லாம் கோபமாகச் சொல்ல வசதியாக இருக்கும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் முகப்பில் சிவப்பாக இரண்டு இலக்கம் எரியும். ப்ராசசர் தன் வேகத்தைத் தானே சொல்கிறது என்று நம்பியிருந்தேன். ராஜபாளையத்துக்கு நாய்க்குட்டி வாங்க வருகிறவன்கூட மூக்கு நிறம் பார்ப்பான், காதைப் பிடித்துப் பார்ப்பான். நான் அறுபத்தாறு என்று எரிந்ததைப் பார்த்துவிட்டு, "இதையே கட்டுங்க" என்றேன்.

வாங்கியது எனக்கல்ல, அக்கா வீட்டுக்காரருக்கு. அத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் இன்ஜினியரிங் படம் வரைய வகுப்பு எடுக்கலாம் என்று அவரைக் கிளப்பிவிட்டதும் நான்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பாலிடெக்னிக் முடித்த பையன்கள் உடனே சேர்ந்துவிட்டார்கள். திங்கட்கிழமை வகுப்பு. வெள்ளிக்கிழமை மென்பொருளை ஏற்றினால், கணக்குப் போடுகிற கோப்ராசசர் இல்லை, ஓடமாட்டேன் என்றது.

விற்ற கடை ராஜபாளையத்தில். போன் போட்டேன்.

"உங்க ஃப்ளாப்பிலதான் கோளாறு தம்பி. நாங்க குடுத்தது டிஎக்ஸ். முகப்புல நம்பர் எரியுதுல்லா?"

"எரியுது அண்ணாச்சி."

"பொறவென்ன? சந்தேகம்னா பெட்டியக் கொண்டாங்க. எஸ்எக்ஸா இருந்தா மாத்தித் தாரேன்."

கோப்ராசசர் உள்ளே இருந்தால் டிஎக்ஸ், இல்லாவிட்டால் எஸ்எக்ஸ். பெட்டிக்கு வெளியே ஒரு வித்தியாசமும் தெரியாது. மெஷினைத் துவக்கும்போது திரையில் ஒரு கட்டம் வரும். அதிலும் 'கோப்ராசசர் உண்டு' என்றே இருந்தது. அதையும் எவனோ மாற்றி எழுதியிருக்கிறான். பொய்யை இவ்வளவு அக்கறையாகச் செய்தவன் அந்தச் சிப்பையே வைத்துத் தொலைத்திருக்கலாம்.

நான் வேலை பார்த்த மில்லில் இருந்தது யூனிக்ஸ் மெஷின். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டால் ஒழுங்காக ஒப்பிக்கும். அங்கே எழுதிய புரோகிராமை அத்தானின் டாஸ் மெஷினுக்கு ஏற்றாற்போல் மாற்றி ஓட்டினேன். அப்படியே உறைந்து நின்றது. இங்கே யூனிக்ஸ் மாதிரி நம் சார்பில் கேட்டுச் சொல்ல ஆளில்லை, சிப்பிடம் நேராகத்தான் கேட்க வேண்டும். உட்கார்ந்து புதிதாக எழுதினேன். ப்ராசசருக்குள் ஒரு பிட்டை மாற்ற வேண்டும். மாறி நின்றால் அவர்கள் சொல்லி விற்ற 486 ரகம், நிற்காவிட்டால் அதற்கு முந்தின 386. நின்றது. அந்த மட்டில் பிழைத்தோம். அடுத்து, மெமரியில் ஓரிடத்தில் ஒரு குப்பை எண்ணைப் போட்டு, 'உன் நிலவரத்தை இதன் மேல் எழுது' என்று கோப்ராசசருக்குச் சொல்ல வேண்டும். இருந்தால் குப்பையை அழித்துச் சுழியம் எழுதும்.

குப்பை அப்படியே கிடந்தது.

"என்ன மாப்ள, உள்ள ஆள் இருக்கானா?" என்றார் அத்தான்.

"வீடு பூட்டிக் கெடக்கு அத்தான்."

"வெளியூரு போயிருப்பானோ?" சிரித்தவர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "திங்கக்கெழம பயலுவ வந்து நிப்பானுவ. அவனுவ அப்பன்மாரு என்னையத்தான் தெருவுல மறிச்சுக் கேப்பாக."

அந்தப் புரோகிராமை ஒரு ஃப்ளாப்பியில் மட்டும் எடுத்துக்கொண்டு, பெட்டியை அப்படியே தூக்கிப் போயிருந்தால் போதும். ஆனால் அந்தச் சிவப்பு எண் என்னைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தது. என்னை ஏமாற்றியது கடைக்காரர் மட்டுமல்ல, அதுவும்தான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

"தொறக்கணுமா மாப்ள?"

"செத்த நேரம் பேசாம இருங்க அத்தான்."

திறந்து பார்த்தால், எண் காட்டுகிற அட்டையிலிருந்து ஒரு வயர்கூட ப்ராசசர் பக்கம் போகவில்லை. பின்னால் சின்னச் சின்ன ஊசிகள், மேலே பிளாஸ்டிக் குல்லாக்கள். குல்லாவை மாற்றிச் செருகினால் எண் மாறும். அம்புட்டுதான். ஆத்திரத்தில் தொண்ணூற்றொன்பது ஆக்கிவிட்டு மூடினேன்.

சனிக்கிழமை காலை பெட்டி என் மடியில், மானிட்டர் அத்தான் மடியில், பஸ் ஏறினோம். "என்னண்ணே, டிவியா?" என்றார் கண்டக்டர்.

"பாதிக் கம்ப்யூட்டர்."

"லக்கேஜ் முழுசாத்தான்."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பெட்டியைக் கவுன்டரில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். "அண்ணாச்சி, இங்கேருந்து போகும்போது அறுபத்தாறு. அக்கா வீட்டுச் சோறு ஒத்துக்கிட்டு, தொண்ணூத்தொன்பதா வளந்துட்டு." நாலு பேரும் சிரித்தார்கள். புரோகிராமை ஓட்டிக் குப்பை எண்ணையும் காட்டினேன். "இது எஸ்எக்ஸ். மாத்தித் தாரேன்னு சொன்னீங்க, மாத்துங்க."

அத்தான் முகத்தில் முதன்முறையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது.

கடைக்காரர் திரையையும் பார்க்கவில்லை, சிவப்பு எண்ணையும் பார்க்கவில்லை. பெட்டியை மெல்லத் திருப்பினார். பின்பக்கத்து ஸ்க்ரூ மேல் ஒட்டியிருந்த காகிதத் துண்டை விரலால் தடவினார். அது நடுவில் கிழிந்திருந்தது.

"சீல் கிழிஞ்சிருக்கு தம்பி, இனி நம்ம பொறுப்பில்ல."